நாவுலயில் பேச மறுத்த மோடம்

வயரை ஒழுங்காகப் பூட்டினால் வேலை செய்யும், பிழையாகப் பூட்டினால் செய்யாது. இதில் என்ன பெரிய கதை என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தால் கதைதான்.

நாவுல டவுனுக்கு மேலே குன்றில் தண்ணீர்த் தொட்டி, கீழே பம்ப் அறை. தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஒருவர் ஏறி இறங்கித் தவித்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் இரண்டு ரேடியோ மோடம்கள். மேலே இருப்பது நீர்மட்டத்தை அனுப்பும், கீழே இருப்பது வாங்கும். மேல் வேலையை முதல் நாளே முடித்துவிட்டோம். நான் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். கூட வேலை செய்தவர் மாத்தளை டவுன் முஸ்லிம். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். யுத்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஏரியலும் பொட்டியுமாக நின்றால் சும்மா விடுவார்களா?

யாரோ போய்ச் சொல்லி, சார்ஜன் வந்துவிட்டார். சிங்களத்தில் அவர் சொன்னது இதுதான்: "இதுல தண்ணி அளவு மட்டுந்தான் போகுதுன்னு என் கண்ணுக்குக் காட்டுங்க. இல்லாட்டி பொட்டியோட சேத்து ரெண்டு பேரையும் ஸ்டேசனுக்குக் கொண்டு போவேன்."

அந்த நாட்களில் ஸ்டேசனுக்குப் போனால் எப்போது திரும்புவோம் என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது.

மோடத்தை லெப்டொப்போடு இணைக்க வயர் செய்தேன். செய்தி வாங்குகிற இரண்டாம் பின்னையும் அனுப்புகிற மூன்றாம் பின்னையும் மாற்றிப் பூட்டுவது என் கைப்பழக்கம். ஒன்றின் வாய் மற்றதன் காதுக்குப் போக வேண்டுமே! பூட்டினேன். திரையில் ஒன்றையும் காணோம்.

"என்ன, பேச மாட்டேங்குதே?" என்றார் சார்ஜன்.

"புது எடம் சேர், வெக்கமா இருக்கும்," என்றார் நானா. அவர் வாயை அங்கேயே தைத்துவிடலாம் போலிருந்தது.

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, லெப்டொப் பக்கத்தில் அந்த இரண்டு பின்னையும் தொடுத்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் தட்டுவது அப்படியே திரும்பி வர வேண்டும். 'டீ' என்று தட்டினேன். 'டீ' என்றே வந்தது. லெப்டொப்பில் குறையில்லை. அப்படியானால் பிழை என் வயரில், இல்லாவிட்டால் மோடத்தில்.

அப்போதுதான் உறைத்தது. இந்த மோடத்தைச் செய்த கம்பனிக்காரர்கள் அந்த இரண்டு பின்னையும் உள்ளேயே மாற்றிவைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். நானும் மாற்றியதால் வாய்க்கு வாய், காதுக்குக் காது என்று ஆகிவிட்டது.

"நானா, பத்தவைக்கிற அயனைச் சூடாக்குங்க!"

"நேராப் பூட்டச் சொல்லி நான் அப்பவே சொன்னேனே தங்கச்சி."

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள."

இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். பூட்டியதுதான் தாமதம், திரையில் எண்கள் கடகடவென்று இறங்கின. தொட்டியில் தண்ணீர் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சார்ஜன் அதோடு விடவில்லை. மேலே நிறுத்தியிருந்த தன் ஆளை வோக்கி டோக்கியில் கூப்பிட்டு, மூடியைத் திறந்து உள்சுவரில் உள்ள அளவுக் கோட்டை வாசிக்கச் சொன்னார். அந்த ஆள் சொன்னதும் அதே அளவு. அப்பாடா, எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சார்ஜன் மோடத்தைச் செல்லமாகத் தட்டினார். "நல்ல சாமான். பொய் சொல்லல."

காலையிலிருந்து அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருடைய சிங்களத்துக்குக் கொஞ்சமும் குறையாத சிங்களத்தில்! பொட்டியை நம்பிவிட்டார். போகும்போது எங்கள் இரண்டு பேரின் அடையாள அட்டைகளையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.