பக்கத்து வீட்டு லவ் பேர்ட்ஸ்

வில்லியனூரில் எங்கள் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரரின் மனைவி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூண்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். புதிதாக வாங்கிய லவ் பேர்ட்ஸ் ஜோடியில் பெண் குருவி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"அண்ணே, இன்னா ஆச்சுன்னு பாருங்கண்ணே."

நான் பறவை வளர்ப்பவன்தான். ஆனால் என்னோடு பேசிக்கொண்டிருந்த அரியாங்குப்பத்து நண்பர் என்னைவிடப் பழைய கை. அவர் முந்திக்கொண்டார். "வளக்கத் தெரியாதவங்க இன்னாத்துக்குமா வாங்குறீங்க? எதக் குடுத்துத் தொலச்சீங்க?"

"ஒண்ணும் குடுக்கலியே" என்றவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பதறியது. என்ன நடந்ததென்று தெரியாமல் எதைச் செய்வது? குருவியின் வால் மூச்சுக்கு மூச்சு ஆடியது.

நண்பரைக் கண்ணால் அடக்கினேன். "வுடுமா, புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான். இன்னிக்கு வூட்ல இன்னா பண்ணீங்க, சும்மா சொல்லு."

"குருவி டல்லா இருந்துச்சுண்ணே. கண்ணு பட்டுடுச்சோன்னு கூண்டச் சுத்தி சாம்பிராணி போட்டேன்."

குருவியின் நுரையீரல் புகையைத் தாங்காது. கூண்டை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காற்றில் வைத்துக் காத்திருந்தோம். இருட்டும் நேரத்தில்தான் அது வாயை மூடிச் சீராக மூச்சு விட்டது.

"புகையே ஆவாதுமா. நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டிடு" என்றேன்.

அவருக்கு இப்போது பயம் விட்டிருந்தது. "அப்ப தெனம் ராத்திரி கூண்டுக்கு அடியில கொளுத்துற கொசுவத்தி?"

குருவி ஏன் டல்லாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. திட்ட வாயெடுத்த நண்பர் குரலைத் தணித்துக்கொண்டார். "அதயும் நிறுத்திடும்மா. வேற இன்னா பண்றீங்க, அதயும் சொல்லு."