பசுவுக்கு அப்புறம் யார்?

பட்டாளத்தில் எதிரி ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் போகிறவன், கதவைத் தட்டி "வீட்டில யாரு?" என்று கேட்பதில்லை, சுவரோரம் வரிசை கட்டித்தான் போவான்.

அந்த வரிசைக்குப் பேர் ‘ஸ்டாக்’. நாலு பேர் ஒருவன் முதுகை ஒருவன் ஒட்டி நிற்கவேண்டும். கடைசி ஆள் தனக்கு முன்னால் நிற்பவனின் தோளை அழுத்துவான். அந்த அழுத்தம் கை மாறி ஒண்ணாம் நம்பரின் தோளுக்கு வந்தால் எல்லாரும் தயார் என்று அர்த்தம். ஒண்ணாம் நம்பர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் நிற்பவனை நம்பித்தான் அவன் உயிர். பதினேழு வருஷம் இந்தச் சோலி பார்த்தேன். பட்டாளத்துச் சப்பாத்தியை மென்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தும்மல்

போடிக்காரனான நான் ஒண்ணாம் நம்பர். இரண்டாம் நம்பர் குரியன், மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்துப் பூப்பாறை ஏலத்தோட்டத்துக்காரன். பயிற்சியின்போது அவனுக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு தும்மினான். எனக்குத் தோளில் கை விழுந்ததுதான் தெரியும். உள்ளே பாய்ந்து வைக்கோல் பொம்மையோடு கட்டிப் புரண்டேன். மற்ற மூவரும் வெளியிலேயே நின்றார்கள்.

பயிற்சி தந்த ஹவில்தார் திருநெல்வேலிக்காரர். நிதானமாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இது ஸ்டாக் இல்லலே, கெடா வெட்டு. கெடா மட்டும் உள்ள போயிருக்கு."

தோளுக்குப் பதில் பெல்ட்

வடக்கே ஒரு மலைக்கிராமம். கல்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றோம். இந்த முறை அழுத்தம் ஒழுங்காகத்தான் வந்தது. காலைத் தூக்கிவிட்டேன். அதே நொடியில் குரியன் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். இருவரும் மல்லாக்க விழுந்தோம். வாசற்படிக்கு ஒரு விரற்கடை மேலே மெல்லிசாய் ஒரு கம்பி ஓடியது. அதன் மறுமுனையில் குண்டு இருந்ததாக அப்புறம் வந்து எடுத்தவர்கள் சொன்னார்கள்.

குரியன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ உளறினேன். அவன் கையை உருவிக்கொண்டான். "நீ செத்தா, பின்னெ ஞானல்லே ஒண்ணாம் நம்பர்? எனிக்கு வேண்டாடா."

ராசிங்காபுரத்தில் பெண் பார்த்தது

கதவுக்கு நேரே நிற்பவன்தான் முதல் குண்டை வாங்குவான் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். லீவில் வந்து பெண் பார்க்கப் போனபோதும் கால் தானாகச் சுவரோரம் போய்விட்டது. நான் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அம்மாவையும் பெரியப்பாவையும் தாம்பாளத்தோடு இழுத்துப் பின்னால் நிறுத்தியிருந்தேன். கதவைத் திறந்த பெண்ணின் அப்பா எதிரே யாரும் இல்லாததால் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சுவரில் பல்லிகளாக மூன்று பேர்.

வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "பொண்ணு பாக்க வந்தீகளா, பொண்ணு தூக்க வந்தீகளா?"

பெரிய மனசு. அப்படியும் செல்வியை எனக்கே கொடுத்தார்.

புது வீட்டு வாசல்

போன தை மாதம் போடியில் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். குரியன் போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறங்கி வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். பசுவும் கன்றும் உள்ளே போயின. அடுத்து வீட்டுக்கு உடையவன் நான்தான் போகவேண்டும் என்றார் பெரியப்பா. செல்வி நிறைகுடத்தைக் கொண்டுபோய்க் குரியன் கையில் கொடுத்தாள். அவன் மிரண்டுபோனான். தனக்கு முறையெல்லாம் தெரியாது, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் வேறு என்று பின்வாங்கினான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பெரியப்பா முகம் கறுத்தது. குரியன் குடத்தைத் திருப்பி நீட்டினான்.

செல்வி குரலை உயர்த்தவில்லை. "பசுவுக்கு அப்புறம் அண்ணேதான் மாமா. அன்னைக்கு அவுக புடிச்சு இழுக்கலேன்னா எனக்கு வீடு ஏது, வாசல் ஏது?"

பெரியப்பாவே வழி விட்டு விலகினார். பசு, குரியன், செல்வி, அப்புறம் நான்: பட்டாளத்தில் பதினேழு வருஷம் ஒண்ணாம் நம்பராக இருந்தவன் சொந்த வீட்டில் நாலாம் நம்பராக நுழைந்தேன், கன்றைக் கணக்கில் சேர்க்காமல்.