தறிச் சத்தத்துக்குள் ஒரு சண்டை

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே தரை அதிர்வது தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றினால் அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறும். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்த "தறிக்குடோனில்" அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டினார்கள். அதிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தறி இரைச்சல் ஒரு சத்தமாகவே படாது. சத்தியமங்கலத்தில் மாமா வீட்டுக்குப் போனால்தான், இதென்ன ஊர், அமைதியே இப்படிக் காதை அடைக்கிறது என்று தூக்கம் வராமல் புரளுவேன்.

தறியில் நூலோடு குறுக்கே பாயும் "நாடா" தெறித்து அடித்துவிடும் என்ற பயத்தில் என்னைக் குடோனுக்குள் விடமாட்டார்கள். சமையற்கட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பேன். அப்பா கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார், அம்மா கையை வீசி வீசிப் பதிலுக்குக் கத்துவாள்; வாய் அசைவதுதான் தெரியுமே தவிர ஒரு சொல்லும் காதில் விழாது.

எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தவளை, கூடப் படித்த ஸ்டெல்லாவின் வீடு குழப்பிவிட்டது. அவள் அப்பா வாத்தியார். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி சன்னக் குரலில் காபி கேட்டார். அவள் அம்மா அதைவிடச் சன்னமாகச் சரி என்றார். ஓகோ, பிரியமானவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது, அப்படியானால் எங்கள் வீட்டில் நடப்பது சண்டைதான் என்று முடிவு கட்டினேன். போதாக்குறைக்கு, எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்த மாதம்தான் புருஷனோடு கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தார்.

அன்றிலிருந்து ஜன்னலே கதியென்று கிடந்தேன். அம்மா எப்போது போவாள், யாரோடு இருக்கிறாய் என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. கடைசியில், அம்மா ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் பச்சை "ஒயர்கூடையை" வீட்டுத் திண்ணையில் கிடந்த கழிவுநூல் மூட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கூடை இல்லாமல் எப்படிப் போய்விடுவாளாம்?

பராமரிப்பு வேலைக்கென்று மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள். அப்படியொரு காலையில் தறிகள் ஓய்ந்திருக்க, அம்மா சந்தைக்குக் கிளம்பிக் கூடையைத் தேடினாள். அப்பாவைக் கேட்டாள். பழக்கதோஷத்தில் இருவரும் அந்த அமைதியிலும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"போயிராதீங்கம்மா! கூடைய நாந்தான் ஒளிச்சுபோட்டேன். அப்பா இனிமே சண்டை போடமாட்டாரு."

அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்ன சண்டை, எப்போது என்று துருவித் துருவிக் கேட்டாள். அப்பாவைப் போலவே பல்லைக் கடித்து, விரலை நீட்டிக் காட்டினேன். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது, தறிய நான் பாத்துக்கறேன், நீ மொதல்ல போயி சோறுண்ணுன்னு சொன்னது கண்ணு."

அப்படியானால் அம்மா கையை வீசினாளே, அது என்னவாம் என்றேன்.

"நூல் அந்துபோச்சு, வாங்கன்னு கூப்புட்டது அம்மணி," என்றாள் அம்மா. "அந்தச் சத்தத்துல வேற எப்படிச் சொல்றது? உண்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா, நூல் அந்துபோச்சு, இதைத் தவிர நாள் பூராம் நாங்க என்னத்தப் பேசறோம்?"

அட, இவ்வளவுதானா! நான் பயந்து நடுங்கியதெல்லாம் வெறும் சோறும் தண்ணியும் அறுந்த நூலும்தானா! கூடையை எடுத்துவந்து கொடுத்தேன். மூவரும் சந்தைக்குப் போனோம். வழிநெடுக அவர்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். எனக்கு அப்படியொரு நிம்மதி.

தறிகளை விற்று வருஷங்களாகிவிட்டன. குடோன் இருந்த இடத்தில் இப்போது யாருடைய கார்களோ நிற்கின்றன. அப்பாவும் அம்மாவும் சரவணம்பட்டியில் என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். இங்கே தரை அதிர்வதில்லை. அவர்கள் குரல்தான் கொஞ்சமும் இறங்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினாள். கல்யாணமாகிப் புதிதாகக் குடிவந்தவள். அவளும் கணவனும் ஆளுக்கொரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்கள், அந்த வீட்டில் ஒரு சத்தம் வராது.

"அக்கா, உள்ள ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

வந்து நீயே கேள் என்று கதவை அகலத் திறந்தேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் சுவரில் மோதியது: "இன்னொரு தோசை போடட்டுமுங்களா?" பால்கனியிலிருந்து அப்பா: "நீ மொதல்ல உண்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு தன் வீட்டு வாசலுக்குப் போய், உள்ளறையில் இருந்த கணவனுக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"