கஞ்சிப் புடவையும் விமான சாகசமும்

என்னை மூன்று முறை பெண் பார்த்திருக்கிறார்கள். மூன்று முறையும் திருத்தணி மலைக்கோயிலில்தான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் தெருவெல்லாம் பேச்சாகிவிடும். கோயிலென்றால் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டது போலக் காட்டிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து ஏற்பாடு அப்படி. மூன்று முறையும் பட்டுப்புடவையோடு படியேறி, வியர்த்து வழிந்து, கண்மை கலைந்து நின்றேன். மூன்று முறையும் "வீட்ல கலந்துகினு சொல்றோங்க" என்று போனவர்கள் போனவர்கள்தான். நாலாவது வரனுக்கும் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, மலைக்கோயில் என்றே ஆரம்பித்தபோது எனக்கு வந்ததே கோபம்!

"முருகருக்கே என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும் நைனா. வேற எடம் பாரு."

நைனா இரண்டு நாள் யோசித்து, அரக்கோணம் பக்கம் ஒரு திடலில் நடக்கவிருந்த விமான சாகசத்தைப் பிடித்தார். "அமைஞ்சா கல்யாணம். அமையலன்னா ஏரோப்ளேன் பாத்த மாதிரி ஆச்சு" என்றார். சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. அம்மா, "நான் வரல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாலாவது ஆள் எனக்கு வேண்டும். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. இரண்டு முறை போனில் பேசியிருந்தோம். இரண்டாவது முறை முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லாததைப் பேசிவிட்டு, போனை வைத்த பிறகும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவருடையது அப்பா இல்லாத வீடு. அவரை ஒற்றை ஆளாக வளர்த்தது அம்மா. "எங்கம்மா சரின்னுட்டா சரிங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஆக, நான் தேற வேண்டியது அந்த அம்மாவிடம்.

நைனாவுக்கு அம்மையார்குப்பத்தில் இரண்டு தறி. போன வாரம் தறியிலிருந்து அறுத்த புது நூல்புடவை ஒன்றை, கருநீலத்தில் சிவப்புக் கரை, இதற்கென்றே எடுத்து வைத்திருந்தார். நெய்வதற்கு முன் பாவு நூலில் போட்ட கஞ்சி போதாதென்று, "மடிப்பு நிக்கணும் பாப்பா" என்று மேலே இன்னொரு கஞ்சியும் கெட்டியாகப் போட்டுவிட்டார். மொடமொடப்பு இல்லாத புடவையை அவர் புடவை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். கட்டிக்கொண்டு நடந்தால் அப்பளத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பது போலச் சத்தம் வந்தது.

திடலில் ஒரு மரம் இல்லை. குடை விரித்தால் பின்னாலிருந்து பத்துப் பேர் "குடைய மடக்கு!" என்று கத்தினார்கள். ஒரு குடும்பமே போர்வைக்குள் புகுந்திருந்தது. ஒருவர் தர்பூசணியைச் சுரண்டித் தின்றுவிட்டு ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எங்கே வாங்கினீங்க என்றுதான் கேட்டார்கள்.

"அடடே! நீங்களும் வந்துகிறீங்களா?" என்று நைனா நடித்தார் பாருங்கள், அப்படி ஒரு கேவலமான நடிப்பை நான் பார்த்ததில்லை. எதிரே மாப்பிள்ளை, கையில் நாலு மோர் பாக்கெட்டோடு, சட்டை முழுக்க நனைந்து நின்றார். போட்டோவைவிட நன்றாக இருந்தார். பக்கத்தில் அந்த அம்மா. அந்த வெயிலிலும் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஆங்" என்றார். அவ்வளவுதான். சிரிப்புமில்லை, முறைப்புமில்லை.

அந்த நேரம் பார்த்து முதல் விமானம் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது. நைனா துள்ளினார். மாப்பிள்ளை மோரை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் மட்டும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்திருக்கிறதா இல்லையா என்று அதில்தானே தெரியும்! அப்படிப் பார்த்ததால்தான் அது வெளுத்துப்போனதும் தெரிந்தது. வெயில் தாங்காமல் தள்ளாடினார். தாங்கிப் பிடித்து, நிற்கிறவர்களின் கால் நிழலில் உட்காரவைத்தேன். மோரைக் கொடுத்தேன். பாட்டில் தண்ணீரை என் முந்தானையில் ஊற்றி, அதை அவர் தலையைச் சுற்றிப் போர்த்தினேன்.

"அப்பாடா" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு பாட்டிலையும் ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் நெற்றியில் வெள்ளையாக ஏதோ இறங்கியது. துடைத்தேன். விரல் பிசுபிசுத்தது. ஐயையோ, கஞ்சி! தறிக்காரன் மகள், பச்சைக் குழந்தையிலிருந்து கஞ்சியை முகர்ந்து வளர்ந்தவள், இன்னும் அலசாத கோரா புடவையை நனைத்து ஒருத்தர் தலையில் போட்டிருக்கிறேன். மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அந்த வெயிலில் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முனை அவர் முடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, மறுமுனை என் இடுப்பில் செருகியிருக்கிறது. நான் எங்கே ஓடுவது?

"பாப்பா, மேல பாரு! புகையில இதயம் போடுறான் பாரு!" என்று நைனா கூவினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தலையையே பார்த்தேன். துணி விறைத்து மேலே கூம்பிக்கொண்டு நின்றது. "தலை என்னமோ பாரமா கீது" என்றார் அந்த அம்மா. "வெயிலுங்க" என்றேன். பொய் சொல்லக்கூட எனக்குச் சரியாக வரவில்லை.

கடைசி விமானம் போனது. அந்த அம்மா எழுந்தார். கூடவே நானும் இழுபட்டு எழுந்தேன். அப்போதுதான் இரண்டு ஆண்களும் கண்ணைக் கீழே இறக்கினார்கள். நைனா ஓடிவந்து துணியைத் தொட்டார். பதறுவார் என்று பார்த்தால், விரலால் சுண்டிப் பார்த்து, "எப்டி நிக்குது பாருங்க! நம்ப கஞ்சி" என்றார். என் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துபோனதென்று முடிவு கட்டிவிட்டேன்.

முந்தானையால் பிணைந்தபடி நானும் அந்த அம்மாவும் தண்ணீர் லாரி வரைக்கும் நடந்தோம். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. விமானத்தைப் படம் எடுத்தவர்களெல்லாம் இப்போது எங்களை எடுத்தார்கள். குழாயடியில் மாப்பிள்ளை சொம்பு சொம்பாக ஊற்ற, நான் முடி முடியாகப் பிரித்தேன். கடைசி முடி விட்டதும் அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என் புள்ள மேல பாத்துகினு இருந்தான். உங்க நைனாவும் மேல பாத்துகினு இருந்தாரு. இத்தினி ஜனத்துல நீ ஒருத்திதான் என்னையே பாத்துகினு இருந்த."

அங்கேயே தலையைக் குனிந்து நின்றிருக்கலாம். காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய நல்ல பெயரை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"இல்லீங்க அத்தை, கஞ்சி காயறதத்தான் பாத்துகினு இருந்தேன்."

நைனா நெற்றியில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை சொம்பைக் கீழே போட்டார். நான் 'அத்தை' என்று சொல்லிவிட்டதே அப்போதுதான் என் காதில் விழுந்தது. அந்த அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தக் கஞ்சிக்குள்ள இருந்தது யாரு தலை?"

"உங்க தலைங்க."

"அப்புறம் இன்னா?" என்றவர் நைனா பக்கம் திரும்பினார். "தை மாசத்துல ஒரு நாள் பாருங்க. சித்திரை மட்டும் வேணாம்."