காதல் கதைக்காரர் செய்த கொலை

நூலகத்தில் வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைக்கிறார்கள். படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் சிபாரிசு செய்வதுதான் எங்கள் பிழைப்பு. பதுளைப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் தமிழ்ப் பகுதி என் பொறுப்பு.

மூன்றாம் பக்கம்

என் அபிமான எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாகக் காதல் கதை தவிர வேறு எதுவும் எழுதாதவர். அவருடைய புதுப் புத்தகம் வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல் தையல்கடை பரீதாவிடம் நீட்டினேன். "கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க, நான் பொறுப்பு" என்று வாய்ச்சவடால் வேறு. பிடித்த எழுத்தாளர் என்றால் உங்களுக்கும் இப்படித்தானே புத்தி மழுங்கும்?

மறுநாளே புத்தகம் மேசைமேல் வந்து விழுந்தது. "மாப்பிள்ளைய மூணாம் பக்கத்திலேயே கொன்னுட்டாங்களே சேர், இனி யாருக்குக் கல்யாணம்?"

ஹாலிஎல பஸ்

அன்று மாலை வீடு திரும்பும் ஹாலிஎல பஸ்ஸில் அதைக் கோபத்தோடு பிரித்தேன். மலை சரியப்போகிறது என்று எச்சரித்த ஒருவனைத் தேயிலைத் தோட்டத்தில் யாரோ கொன்றுவிடுகிறார்கள். இவரா இப்படி எழுதுவது என்று மனம் கசந்தது. பிறகு, மலை சரியும் முன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் விரிசல் நீள்வதையும், பீலிக் குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீர் கலங்குவதையும் எழுதியிருந்த இடம் வந்தது. முன்பு காதல் கதைகளில் ஒரு பெண்ணின் முகம் மாறுவதைக் கவனித்த அதே கண். இத்தனை வருடம் படித்தும் இவரை அரைகுறையாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. கண்டக்டர் தோளைத் தட்டினார்: "புத்தகத்துல இருந்து எறங்குங்க சேர், பஸ் திரும்பப் போகுது."

கலங்கிய பீலி

அடுத்து அந்தப் புத்தகத்தை எடுத்துப்போனவர், மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வி. வேலை விட்டு வந்து அவர் சத்தமாக வாசிக்க, லயமே கூடிக் கேட்கும். விடாமல் மழை பெய்த வாரம் அது. ஒரு காலையில் நனைந்தபடி வந்து நின்றார். "நேத்து பீலி கலங்குற எடத்த வாசிச்சேங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போய்ப் பாத்தோம். எங்க பீலியும் கலங்கித்தாங்க வருது. செவுத்துலயும் விரிசல். கங்காணி, கதையக் கேட்டுப் பயப்படுறீங்களான்னு சிரிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிராம சேவகரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொல்லி, லயத்தின் பதினோரு குடும்பங்களும் பாடசாலை மண்டபத்துக்குப் போயின. இரண்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. கதையை நம்பி ஊரை அலைக்கழித்தவன் என்ற பழியா, அதைவிட மோசமான ஒன்றா, எதற்குக் காத்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, லயத்துக்கே திரும்பலாமென்று அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று கேட்டதும் மேசையிலேயே அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் செல்வி வந்தார். "எல்லாமே மண்ணுக்குள்ள போயிருச்சுங்க, புத்தகமுந்தான். கடைசி இருவது பக்கம் வாசிக்கலங்க. அந்த மனுசனக் கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிருங்க, மண்டபத்துல அத்தன சனமும் காத்துக்கிட்டு இருக்கு."

வாசகரிடம் முடிவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்று மண்டபத்துக்கே போய், கொலைகாரன் பெயரைப் பதினோரு குடும்பங்களுக்கும் உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.