சத்தம் போடாத சித்தி

என் சித்தி குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். மாடியில் ஒரே பெரிய அறை, ஓரத்தில் அடுப்பு, மூலையில் உயரம் குறைந்த ஒரு கைகழுவும் தொட்டி. பக்கத்துத் தையல் கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடுவார்கள். சில நாள் பிள்ளை அழும், சில நாள் அம்மா அழுவாள். அது அன்றன்றைய நிலவரம்.

காப்பகம் என்று பலகை மாட்டிய மற்ற இடங்களில் டிவியைப் போட்டுவிட்டு ஸ்கேலைக் காட்டி மிரட்டுவார்கள். சித்தி அப்படியில்லை. பிள்ளைகளிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவள் கொள்கை. தூரத்திலிருந்து கூப்பிடக்கூட மாட்டாள். எழுந்து போய், எதிரே மண்டியிட்டு, தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். பொம்மைகளை எடுத்துவைக்கும் நேரமானால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். சாப்பாட்டுக்குத் தட்டைத் தூக்கிக் காட்டினால் போதும், கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பால் கொடுக்க வருகிறவரையும் நிறுத்தி, “இங்க இத்தனை பிள்ளைங்க இருக்குதுன்னு வெளிய தெரியுதா, சொல்லுங்க?” என்பாள். அவர் பாவம், தெரியவில்லை என்று தினமும் சொல்வார்.

அவளுக்கு ரொம்பச் செல்லம், இரண்டரை வயதுப் பெண் ஒருத்தி. கட்டைகளை அடுக்கிவிட்டு, நாட்டு நிலைமையை யோசிப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். அங்கே எடுபிடியாக இருக்கிற நான் அவளுக்கு வைத்த பெயர் மந்திரி. அழுகை இல்லை, அடம் இல்லை, பேச்சும் இல்லை.

“இன்னும் அம்மான்னுகூட சொல்லலையேக்கா,” என்று அவள் அம்மா கேட்டபோது, “சிலதுங்களுக்கு மெதுவாத்தான் வரும். இவ்வளவு சமத்தா ஒரு பிள்ளைய நான் பாத்ததே இல்ல,” என்று சித்தி அனுப்பிவைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரொட்டி வந்த காகிதப் பையை ஊதி, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஓங்கி அடித்தேன். வெடிச் சத்தத்தில் மொத்த அறையும் துள்ளியது. மூன்று பேர் அலறினார்கள், ஒருவன் தரையை நனைத்தான்.

“உன் கைய ஒடிச்சு அடுப்புல வெக்கறேன் பாரு,” என்று கரண்டியோடு வந்த சித்தி பாதி வழியில் நின்றுவிட்டாள்.

மந்திரி சுவரைப் பார்த்தபடி கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சித்தி அவள் பின்னால் போய்த் தட்டில் கரண்டியால் அடித்தாள். பிறகு, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரலில், அந்தப் பிள்ளையின் பெயரைக் கத்தினாள். மற்ற பிள்ளைகள் பயந்துபோய் சித்தியைப் பார்த்தன. மந்திரி மட்டும் பார்க்கவில்லை.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “விளக்கப் பாத்து வந்திருக்குடா. தட்டப் பாத்து வந்திருக்கு. நான் தொட்டா திரும்பியிருக்கு. எட்டு மாசமா அத சமத்துன்னு கொஞ்சிட்டு இருந்திருக்கேன். சாயங்காலம் அவ அம்மா வந்ததும் சொல்லிடணும்.”

“நீ எதுக்குச் சொல்ற? அவங்களே ஒரு நாள் கண்டுபிடிக்கட்டும். சொன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஊரெல்லாம் பேசுவாங்க,” என்றேன்.

“பேசட்டும். எனக்குத் தெரிஞ்சப்புறமும் இன்னொரு நாள் வீணாப் போகணுமா அந்தப் பிள்ளைக்கு?”

சாயங்காலம் மந்திரியின் அம்மா வந்தாள், புடவையெல்லாம் நூல் துணுக்கு. சித்தி உட்காரச் சொல்லாமலே விஷயத்தைச் சொன்னாள். அவள் முதலில் சிரித்தாள்.

“என்னக்கா நீங்க. நான் குளிச்சிட்டு வந்து வீட்டுக் கதவத் திறந்தா ஓடி வருவாளே.”

“கதவு திறந்தா வெளிச்சம் உள்ள விழும்ல?”

அவள் சிரிப்பு நின்றது. “வீட்டுக்குப் போனா வாயத் திறக்கத் தெம்பிருக்காதுக்கா. நான் பேசாததாலதான் இவளுக்குப் பேச்சு வரலன்னு என்னையே திட்டிட்டு இருந்தேன்.”

“நீ ஏம்மா திட்டிக்கணும்? பகல் பூரா என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. மத்த இடம் மாதிரி நானும் கத்திக் கூப்பிட்டிருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். எவ்வளவு நல்லாப் பாத்துக்கறேன்னு எனக்கு ஒரு நெனப்பு.”

மந்திரியின் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் காப்பகத்துக்கு வரவில்லை. சித்தி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து, பாலைப் பொங்கவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள்.

“நேத்து ஆஸ்பத்திரில காமிச்சேன்க்கா. காதுல கருவி வெக்கணுமாம். ஒரு வயசுக்குள்ள வெச்சிருந்தா இந்நேரம் பேசியிருப்பாளாம். இனிமே வெச்சாலும் வரும், ஆனா ரொம்பப் பாடுபடணும்னாங்க,” என்று சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையைச் சித்தியிடம் நீட்டினாள்.

சித்தி வாங்கத் தயங்கினாள். “என் மேல கோவம் இல்லையாம்மா?”

“இருக்குக்கா. நிறையவே இருக்கு. ஆனா நேரமாச்சுன்னா கம்பெனி கதவ மூடிடுவாங்க. வேற எங்க கொண்டு போய் விடறது, சொல்லுங்க? அந்த ஸ்கேல் வெச்சிருக்கறவங்ககிட்டயா?”

அவ்வளவுதான், படியிறங்கி ஓடிவிட்டாள்.

சித்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே யாரோ யாரையோ கடித்துவிட்டார்கள், நான்தான் போய்ப் பிரித்துவிட்டேன்.

“நாலு வார்த்தை திட்டிட்டாவது போயிருக்கலாம்டா அவ,” என்றாள்.