பூட்டோடு செத்துப்போன திரெட்

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும் மென்பொருளை எழுதிப் பிழைப்பவர்களுக்கு, இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் பாக்கியம் உண்டு. பட்ட சகோதரங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

இரண்டாயிரங்களில், ஹட்டனிலிருந்து போய் உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செய்துகொடுத்தேன். அதற்குள் இரண்டு திரெட்டுகள், அதாவது இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர் தராசைப் படித்து நிறையை எழுதுவார், மற்றவர் சீட்டு அச்சடிப்பார். இருவரும் ஒரே நேரத்தில் கோப்பில் கைவைக்காதிருக்க ஒரு பூட்டு; அதை வைத்திருப்பவர் மட்டுமே கோப்பைத் தொடலாம்.

விண்டோஸ் சொன்னது

தராசு வயர் கழன்றது. படிக்கிற திரெட் நிறையைப் பாதி எழுதிய நிலையில், பூட்டோடு செத்தது. விண்டோஸ் நல்ல பிள்ளை. "பூட்டு வைத்திருந்தவர் போய்விட்டார், பார்த்து நடந்துகொள்" என்று சொல்லித்தான் அடுத்தவரிடம் பூட்டைக் கொடுத்தது. அந்தச் செய்தியை நான் கண்டுகொள்ளவில்லை. வயரை மாட்டியதும் புதிதாக ஓடிய திரெட் எழுதிய 21, பாதியில் நின்ற 18-ஓடு ஒட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கும் முத்தம்மா அக்காவின் சீட்டில் 1821 கிலோ என்று விழுந்தது.

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கையா, மலையையும் சேத்தா நிறுத்தீங்க?"

லினக்ஸ் சொல்லாதது

வைரஸ் தொல்லையால், விண்டோஸ் கொம்பியூட்டரை மாற்றுக்கு வைத்துவிட்டு லினக்ஸுக்கு மாறினோம். அதே வயர், அதே சாவு. லினக்ஸோ ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. அச்சடிக்கிற திரெட் பூட்டுக்காகக் காத்துக்கொண்டே நின்றது. வெளியே மழையில் கொழுந்து மூட்டைகளோடு பெண்கள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றார்கள். மூட்டைக்குள் கொழுந்து சூடேறினால் அன்றைய தேயிலை பாழ். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீ மேக்கர் செல்வராஜ் அண்ணன் ஓடிவந்தார். மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, நடந்ததை அவருக்கு விளக்கினேன்.

"செத்தவங்க கையில சாவி இருந்தா எடுத்துக்க வேண்டியதுதானுங்களே, எதுக்கு வாசல்லயே நிக்குது?"

அறிவிப்பு

லினக்ஸிலும் சாவைச் சொல்லும் பூட்டு இருந்தது. அதைப் போட்டேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே சட்டம்: சாவுச் செய்தி வந்தால் பாதி நிறையை அழி, "மறுபடி நிறுக்கவும்" என்று திரையில் காட்டு. பரீட்சித்தால், லினக்ஸில் ஒருமுறை வேலைசெய்தது, பிறகு பூட்டு ஒருவருக்கும் திறக்கவில்லை. ஒழுங்குபடுத்தியாயிற்று என்று லினக்ஸிடம் நாம் சொல்லிவிட்டுத்தான் பூட்டை விடவேண்டுமாம், நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். கண்டுபிடித்தவர் என்னோடு வேலைசெய்த யாழ்ப்பாணத்துச் சிவநேசன்.

"செத்தவீடு முடிஞ்சுது எண்டு ஒருத்தருக்கும் அறிவிக்கேல்லையோ ஐசே?"

கடைசிப் பரீட்சை

திருத்திக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், இரண்டு கொம்பியூட்டரிலும் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கினேன். இரண்டு திரையிலும் "மறுபடி நிறுக்கவும்". எனக்குக் கண் கலங்கியது. செல்வராஜ் அண்ணன் தன் தலையில் கைவைத்தார்.

"தானாக் கழண்டது போதாதுன்னு, இப்ப நீங்களே வேற புடுங்குறீங்களா?"

ஆகமொத்தம், ஒரு திரெட்டையும் சாகாமல் காப்பாற்ற முடியாத நான், சாவுச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர வழிசெய்ததற்காகத்தான் எஞ்சினியர் என்று பெயரெடுத்தேன்.